வெள்ளை ரொட்டியும் ஒரு கிண்ணம் பாலும்

ஹாரி பாட்டர் வாசித்த எல்லாருக்கும் டாபியை, மந்திரவாதி வீட்டில் அடிமையாக வேலை செய்யும் அந்தக் குட்டி உயிரைத் தெரியும். எஜமான் கையால் ஒரு துணி கிடைத்தால்தான் அதற்கு விடுதலை. 1998-இல் வந்த இரண்டாவது புத்தகத்தின் கடைசியில் ஒரு பழைய காலுறை அதன் கைக்கு வந்து சேர்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்தபோது என் மகள் கட்டில்மேல் எழுந்து நின்று கைதட்டினாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் காலுறைக்குப் பின்னால் நானூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. ஃபேரி என்ற மாய இனத்தாரைப் பற்றிய ஆங்கிலக் கிராமத்துக் கதைகளிலிருந்து பிறந்த சிறுவர் இலக்கியத்தை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதற்குக் காரணமும் அந்தக் கதைதான்.

டாபி என்ற பெயரே பழையது. யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்துப் பண்ணைவீடுகளில் எல்லாரும் தூங்கிய பிறகு வந்து வேலை செய்துவிட்டுப் போகும் வீட்டு ஆவிகளுக்கு டாபி என்று பெயர் இருந்தது. வடக்கில் இன்னும் பரவலாக ஹாப் என்பார்கள். தெற்கே போனால் ராபின் குட்ஃபெலோ. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் வரும் பக் என்ற குறும்புக்கார ஆவியும் அவனேதான். 1584-இல் கென்ட்டைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் என்பவர், சூனியக்காரிகள் என்று சொல்லிக் கிழவிகளைத் துன்புறுத்துவதை எதிர்த்து ஒரு பெரிய புத்தகம் எழுதினார். போகிற போக்கில் அதில் ராபினைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். நடுராத்திரியில் வீடு பெருக்குவான், மால்ட் என்ற முளைதானியமும் கடுகும் அரைத்துக் கொடுப்பான். வெள்ளை ரொட்டியும் ஒரு கிண்ணம் பாலும் அவனுக்கு வழக்கமான கூலி. இவன் இப்படி அம்மணமாகத் திரிகிறானே என்று மனம் இரங்கி வீட்டுக்காரி ஒரு துணியை எடுத்து வைத்தால் போச்சு, கோபித்துக்கொண்டு போய்விடுவான். பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டான்.

ஏன் கோபம் என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு பதில். எனக்குப் பிடித்தது லிங்கன்ஷயர் பதில். அங்கே ஒரு பண்ணையில் வருஷா வருஷம் புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஆவிக்கு ஒரு லினன் சட்டை வைக்கிற வழக்கம். பண்ணை கைமாறியது. புதிதாக வந்தவர் கஞ்சர், முரட்டுச் சணல் துணியில் சட்டை தைத்து வைத்தார். ஆவி அதைத் தொட்டுப் பார்த்தது. லினன் கொடுத்திருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் உழைத்திருப்பேனே என்று பாடிவிட்டு வெளியேறியது. பண்ணையின் அதிர்ஷ்டமும் அதோடு போயிற்று.

இந்தக் கிராமத்துக் கதைகளில் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. நல்ல வேலைக்காரன் ஒருவனை எப்படி இழந்தோம் என்பதை இழந்தவர்களே சொல்லும் கதை அது. ஹாரி பாட்டரை எழுதிய ராலிங் அதே துணியை எடுத்து, வேலைக்காரனின் பக்கம் நின்றுகொண்டு கதையைச் சொன்னார். உடனே அது விடுதலைக் கதையாகிவிட்டது. விதி ஒன்றுதான், துணி கொடுத்தால் போய்விடும் என்பது. யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. பழைய விதியை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள்ளிருந்து புதிய கதையைப் பறித்தெடுப்பதுதான் இந்த வகை எழுத்தின் உயிர் என்று நினைக்கிறேன். விதியைத் தூக்கி எறிந்துவிட்டு இறக்கையையும் மினுமினுப்பையும் மட்டும் எடுத்துக்கொண்ட புத்தகங்கள் கடைகளில் ஏராளம். வாசித்து மூடியதும் அவற்றில் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

பழைய ஃபேரிகளுக்கு இறக்கை கிடையாது. உருவத்தைச் சிறிதாக்கியதில் ஷேக்ஸ்பியருக்குப் பெரிய பங்கு உண்டு. ரோமியோ ஜூலியட்டில் வரும் மாப் ராணி மோதிரக் கல் அளவுதான். இறக்கை முளைத்தது இன்னும் பிந்தி, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஓவியர்களின் கையில். பிறகு விக்டோரியா காலத்து மேடைகளும் படப்புத்தகங்களும் வந்தன. 1904-இல் பீட்டர் பான் நாடகம் வந்தது. 1917-இல் யார்க்‌ஷயரின் காட்டிங்லியில் இரண்டு சிறுமிகள் ஃபேரிகளோடு எடுத்ததாகச் சொன்ன புகைப்படங்களை ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயிலே நம்பினார், 1920-இல் பத்திரிகையிலும் எழுதினார். அட்டையில் வரைந்து வெட்டித் தொப்பி ஊசியால் நிறுத்தியவை அவை என்று 1983-இல், முதுமையில், அந்த இருவரும் ஒப்புக்கொண்டார்கள். படத்தில் இருப்பவை எல்லாம் இறக்கை வைத்த, சீராட்டி அலங்கரித்த உருவங்கள். யார்க்‌ஷயர் மண்ணில் நின்றுகொண்டு அந்தச் சிறுமிகள் வரைந்தது யார்க்‌ஷயரின் ஹாப்பை அல்ல, கதைப்புத்தகத்துப் படத்தை. அதற்குள்ளாகவே ஊர்க்கதை அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தது.

அந்த ஊர்க்கதைகள் எப்படிப்பட்டவை? அதே யார்க்‌ஷயரின் கடற்கரையில் ரன்ஸ்விக் பே என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஹாப் ஹோல் என்று ஒரு குகை. பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தால் தாய் அதைத் தூக்கிக்கொண்டு குகை வாசலுக்குப் போவாள். உள்ளே பார்த்து, "ஹாப் ஹோல் ஹாப்பே, என் பிள்ளைக்குக் கக்குவான் வந்திருக்கு, எடுத்துவிடு, எடுத்துவிடு" என்று கூப்பிடுவாள். அவ்வளவுதான் வைத்தியம். அந்தக் குகைக்குள் இருப்பவனுக்கு உருவ வர்ணனைகூட இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவன் இருக்கிறான், அது போதும்.

இன்னொரு பக்கம் பாகர்ட். இது தொல்லை கொடுக்கும் வகை. யார்க்‌ஷயரில் ஒரு விவசாயக் குடும்பம் பாகர்ட்டின் சேட்டை தாங்கமுடியாமல் வீட்டையே காலி செய்துகொண்டு புறப்படுகிறது. வண்டி நிறைய சாமான். வழியில் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, கிளம்பிவிட்டீர்களா?" என்று கேட்கிறார். விவசாயி வாய் திறப்பதற்குள், வண்டியில் இருந்த வெண்ணெய் கடையும் பீப்பாய்க்குள்ளிருந்து ஒரு குரல்: "ஆமாம், கிளம்பிட்டோம்." விவசாயி வண்டியைத் திருப்பிப் பழைய வீட்டுக்கே ஓட்டினார். தொல்லைப்படுவதுதான் விதி என்றால் பழகிய வீட்டிலேயே படுவோம் என்று. இந்தக் கதையை எந்தக் குழந்தைக்குச் சொன்னாலும் பீப்பாய்க் குரல் வரும் இடத்தில் முதலில் திடுக்கிடும், அடுத்த நொடி சிரிக்கும்.

லங்காஷயர் குளங்களில் ஜென்னி கிரீன்டீத் இருந்தாள். குளத்தின்மேல் பச்சைப் பாசி இடைவெளி இல்லாமல் மூடிக்கிடந்தால் அது புல்தரை போலவே தெரியும். ஓடிவரும் குழந்தை காலை வைத்தால் உள்ளே போய்விடும், பாசி மறுபடி மூடிக்கொள்ளும். அந்தப் பாசிக்கு ஒரு முகமும் பல்லும் நீண்ட கையும் கொடுத்துப் பெயர் வைத்தார்கள். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் போகவிடாமல் காப்பாற்றிய பயம் அது.

இதையெல்லாம் குழந்தைகளுக்கான புத்தகத்துக்குள் முதன்முதலில் முழு மரியாதையோடு கொண்டுவந்தவர் என்று நான் கருதுவது ருட்யார்ட் கிப்லிங்கை. ஜங்கிள் புக் எழுதிய கிப்லிங் என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும், பேரரசின் பாடகர் என்ற கசப்பும் சேர்ந்துதான். அது நியாயமான கசப்பு. ஆனாலும் 1906-இல் வந்த 'பக் ஆஃப் பூக்ஸ் ஹில்' வேறொரு இடத்திலிருந்து எழுதப்பட்டது. 1899-இல் அவருடைய மூத்த மகள் ஜோசஃபின் ஆறு வயதில் நியூயார்க்கில் நிமோனியாவில் இறந்தாள். 1902-இல் மிச்சமிருந்த இரண்டு குழந்தைகளோடு சசெக்ஸின் பர்வாஷ் கிராமத்தில் பேட்மன்ஸ் என்ற கல்வீட்டுக்குக் குடிவந்தார். 1634-இல் கட்டிய வீடு. தோட்டத்தின் ஓரத்தில் டட்வெல் ஓடை, ஒரு மாவரைக்கும் ஆலை, எதிரே குன்று. ஊருக்குப் புதியவர் ஒருவர் அந்த மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்து, இதில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று தன் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான் அந்தப் புத்தகம்.

டேன், ஊனா என்ற சகோதரனும் சகோதரியும், மிட்சம்மர் என்ற நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய நாள் மாலையில், புல்வெளி வட்டம் ஒன்றில் ஷேக்ஸ்பியரின் நாடகத்தைச் சுருக்கி நடிக்கிறார்கள். பக், பாட்டம், டைட்டானியா மூவரும் வரும் பகுதி. நன்றாக வந்துவிட்ட உற்சாகத்தில் மூன்று தடவை நடித்துவிடுகிறார்கள். அது ஃபேரி வட்டம், அந்த நாள் மிட்சம்மருக்கு முந்தைய நாள், குன்று பழைய குன்று. மூன்றும் சேர்ந்ததும் புதர் விலகி உண்மையான பக் வெளியே வருகிறான். பழுப்பு நிறம், அகன்ற தோள், கூர்க்காது, சப்பை மூக்கு, முகம் கொள்ளாத சிரிப்பு. பிள்ளைகள் பயப்படவில்லை. தங்கள் சாப்பாட்டை நீட்டுகிறார்கள்: அவித்த முட்டை, பிஸ்கட், ஓர் உறையில் மடித்த உப்பு. பக் உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறான். நான் எப்படிப்பட்டவன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள் என்கிறான். ஏனென்றால் அவன் இனத்தில் பலருக்கு உப்பு ஆகாது. கதவுமேல் மாட்டிய குதிரை லாடம், ஓடும் நீர், இரும்பு, தேவாலய மணியோசை எதுவும் ஆகாது. ஒரு சிட்டிகை உப்பில் பக்கின் குணமும் அவன் குலத்தின் சட்டமும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

ஃபேரி என்ற பேச்சை எடுத்தாலே அவனுக்குப் பிடிக்காது. வண்ணத்துப்பூச்சி இறக்கையும் சல்லாத்துணிப் பாவாடையும் தலையில் நட்சத்திரமும் கையில் வாத்தியார் பிரம்பு போல ஒரு மந்திரக்கோலும் வைத்துக்கொண்டு சுற்றுகிறதே, அதுவா நாங்கள் என்று பொரிந்து தள்ளுகிறான். எங்களுக்கும் அந்த மாதிரி ஃபேரிகளைப் பிடிக்காது என்கிறான் டேன். கடும் புயலில், டின்டாஜெல் கோட்டைமேல் அலை தெறிக்க, மிரளும் குதிரைகளில் மலைவாசிகள், அதாவது தன் இனத்தார், புறப்பட்டுப்போனதை நான் பார்த்தவன் என்கிறான் பக். 1906-இல் ஒரு சிறுவர் புத்தகம் தன் காலத்தின் பொம்மை ஃபேரிகளுக்கு எதிராக இவ்வளவு ஆத்திரத்தோடு பேசியிருக்கிறது. எனக்கு அந்த ஆத்திரம் மிகவும் பிடிக்கும்.

அடுத்து ஒரு காரியம் செய்கிறான். டேனின் இடுப்பிலிருந்து கத்தியை வாங்கி, வட்டத்திலிருந்து புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டி எடுத்து இருவர் கையிலும் கொடுக்கிறான். பத்திரம் பதிவு எல்லாம் வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் நிலம் கைமாறியது இப்படித்தான். விற்பவர் அந்த நிலத்தின் மேலேயே நின்று ஒரு மண்கட்டியை எடுத்து வாங்குபவர் கையில் வைப்பார். அதன்பிறகே நிலம் அவருடையது. பழைய இங்கிலாந்து முழுவதும் இனி உங்களுடையது, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிமை உண்டு என்று பக் சொல்கிறான். மந்திரக்கோல் அசைத்தல் கிடையாது. உண்மையான சட்ட வழக்கம் ஒன்றை எடுத்துக் குழந்தை கையில் வைக்கிறார் கிப்லிங். மண்ணின் ஈரம் நம் விரலிலும் படுகிறது.

மலைவாசிகள் எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும்தான் மிச்சம் என்றும் பக் சொல்கிறான். எப்படிப் போனார்கள் என்பதைச் சொல்லும் 'டிம்சர்ச் ஃப்ளிட்' அந்தப் புத்தகத்தின் ஆகச் சிறந்த கதை. பியரில் சேர்க்கும் பூக்களை உலர்த்தும் சூளை வீட்டில், நெருப்பில் உருளைக்கிழங்கு சுட்டுக்கொண்டு, வேலி கட்டும் கிழவர் ஹாப்டனிடம் பழைய நண்பர் ஒருவர் சொல்லும் கதை. அந்த நண்பர்தான் பக் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், கிழவருக்குத் தெரியாது. எட்டாம் ஹென்றியின் காலம். தேவாலயங்களில் சிலைகளை உடைக்கிறார்கள். மனிதர்களிடையே பகை கொழுந்துவிடுகிறது, பகை இருக்கும் இடத்தில் ஃபேரிகளால் வாழமுடியாது. இனி நாங்களும் உடைக்கப்படும் சிலைகளின் கணக்கில்தான் என்று நாடெங்குமிருந்து புறப்பட்டு ரோம்னி சதுப்பில் வந்து குவிகிறார்கள். கடலைத் தாண்டி பிரான்ஸ் போகப் படகு வேண்டும்.

அங்கே கடல்சுவர் ஓரத்தில் விட்கிஃப்ட் என்ற விதவை. அவளுக்கு இரண்டு மகன்கள். ஒருவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. மற்றவன் சிறுவயதில் சுவரிலிருந்து விழுந்ததில் பேச்சை இழந்தவன். உன் படகையும் மகன்களையும் கொடு என்று கேட்கிறார்கள். பறித்துக்கொள்ள அவர்களால் முடியாது. தாயின் அனுமதியும் மனதார அவள் சொல்லும் வாழ்த்தும் இல்லாமல் படகு நகராது. அவள் தவிக்கிறாள், பிறகு கொடுக்கிறாள். மூன்று நாள் கழித்து மகன்கள் திரும்பி வருகிறார்கள்.

என் மகள் இந்த இடத்தில் கேட்டாள்: "அவங்களுக்குக் கண்ணும் பேச்சும் கொடுத்துட்டாங்களாப்பா?" இல்லை. அது தங்கள் சக்திக்கு மீறியது என்று ஃபேரிகளே சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பதில், அவள் வம்சத்தில் தலைமுறைக்கு ஒருவருக்கு, மற்றவர்களுக்குத் தெரியாததைப் பார்க்கும் பார்வை இருக்கும் என்று வரம் தருகிறார்கள். ஹாப்டனின் மனைவி விட்கிஃப்ட் வம்சம். அவர்கள் மகனை ஊரில் புத்தி கொஞ்சம் மட்டு என்பார்கள். ஆனால் தேனீக் கூட்டத்தை வெறுங்கையால் அள்ளுவான், ஒன்றும் கொட்டாது. கதை முடியும்போது, அடுப்பின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அந்தத் தேனீப் பையனைப் பார்க்கும் நம் பார்வை மாறிவிடுகிறது.

இதன் கனம் தெரிய வேண்டுமானால் பழைய நம்பிக்கையின் இருட்டான பக்கத்தையும் சொல்லவேண்டும். பிள்ளை ஊனமாகவோ வளர்ச்சி குன்றியோ இருந்தால், இது உன் பிள்ளை இல்லை, ஃபேரிகள் உன் பிள்ளையைத் திருடிக்கொண்டு தங்களுடையதை விட்டுப் போயிருக்கின்றன என்பார்கள். அந்தப் பேரில் குழந்தைகள் பட்ட துன்பம் கொஞ்சமில்லை. கிப்லிங் அதே நம்பிக்கையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். ஃபேரி தொட்ட குடும்பத்தின் அடையாளம் அந்தப் பையன், அவன்தான் அந்த வீட்டின் பெருமை.

கதையில் தாய் அனுப்பிய மகன்கள் திரும்பி வந்தார்கள். டேன் என்ற பாத்திரத்துக்கு மாதிரியான கிப்லிங்கின் மகன் ஜானுக்குக் கண்பார்வை மிக மோசம், ராணுவத்தில் எடுக்கவில்லை. தந்தை தன் செல்வாக்கைப் பயன்படுத்தி ஐரிஷ் கார்ட்ஸ் படையில் இடம் வாங்கிக் கொடுத்தார். 1915-இல், லூஸ் போரில், 18 வயதில் ஜான் போனான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த விதவை வாசலில் நின்று தவிக்கும் பக்கத்தை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை.

ஃபேரிகள் போய்விட்டன என்ற பேச்சு கிப்லிங்கோடு தொடங்கியதல்ல. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கவிஞர் சாசரின் கதையில் வரும் பாத் ஊர்க்காரி, ஆர்தர் ராஜா காலத்தில் நாடு முழுக்க இருந்தன, இப்போது ஒன்றையும் காணோம் என்கிறாள். 1584-இல் ஸ்காட், ராபினுக்கு இப்போதெல்லாம் யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை என்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் கார்பெட் என்ற பிஷப் அவற்றுக்கு விடைகொடுத்து ஒரு பாட்டே எழுதினார். அதன் முதல் வரியிலிருந்துதான் கிப்லிங் தன் இரண்டாவது பக் புத்தகத்துக்கு, 1910-இல், தலைப்பு எடுத்தார். எந்தத் தலைமுறையைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: எங்கள் தாத்தா காலம்வரை இருந்தன. ஓக், ஆஷ், முள்மரம் இவற்றோடு வந்தேன், அவை போகும்போது நானும் போவேன் என்கிறான் பக். 2012-இல் பிரிட்டனின் ஆஷ் மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. காலப்போக்கில் பெரும்பாலான ஆஷ் மரங்கள் அழிந்துவிடும் என்று வனத்துறையினர் கவலைப்படுகிறார்கள். இன்றைக்கு அந்தக் குன்றடியில் நிற்கும் பிள்ளைக்கு அந்த வாக்கியம் வேறுமாதிரி கேட்கும்.

கிப்லிங் புத்தகத்தின் எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். ரோமானியப் படைவீரன் வரும் மூன்று கதைகள் சின்னப் பிள்ளைகளுக்கு இழுவை. கடைசிக் கதையில் வரும் யூத மருத்துவர் கம்பீரமான பாத்திரம்தான். ஆனால் யூதர், தங்கம், ரகசியமாக நாடுகளை ஆட்டிவைப்பது என்ற பழைய விஷம் அதில் கலந்திருக்கிறது. வாசித்துக் காட்டும் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் தாண்டக்கூடாது.

கேத்தரின் பிரிக்ஸ் பற்றிச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் அவரை நம் பக்கம் அதிகம் பேர் வாசிப்பதில்லை. 1898-இல் பிறந்து 1980-இல் மறைந்த நாட்டார் வழக்காற்று அறிஞர். பிரிட்டிஷ் நாட்டுப்புறக் கதைகளை நான்கு பெரும் தொகுதிகளாக அகராதி செய்தவர். 1976-இல் வந்த அவருடைய ஃபேரி அகராதியில், இந்தக் கட்டுரையில் வரும் டாபி, ஹாப், பாகர்ட், ஜென்னி எல்லாருக்கும் இடம் உண்டு. அந்த அறிஞர் 1955-இல் குழந்தைகளுக்காக 'ஹாபர்டி டிக்' என்ற நாவலை எழுதினார். வருஷம் 1652. மன்னர் தலை போய், தூய்மைவாதிகள் (பியூரிட்டன்) என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரின் ஆட்சி. ஐந்து வருஷம் முன்பே கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை நாடாளுமன்றம் தடைசெய்துவிட்டது. காட்ஸ்வோல்ட் பகுதியில் விட்ஃபோர்ட் மாளிகையை விட்டுப் பழைய குடும்பம் வெளியேறுகிறது. லண்டனிலிருந்து கண்டிப்பான வணிகக் குடும்பம் ஒன்று குடிவருகிறது. அந்த வீட்டின் ஹாப்தான் நாவலின் நாயகன். வீட்டுக்காரர்கள் வருவார்கள், போவார்கள். வீடு அவன் பொறுப்பு. பக்கத்துக் கிராமங்களின் ஹாப்கள் அவனுக்கு உறவும் நட்பும். பால் வைப்பது பாவம் என்று நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு, கூலி இல்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் அவன் பாடுபடுகிறான்.

துணி விதி இந்த நாவலிலும் உண்டு. பிரிக்ஸ் அதை எப்படிக் கையாள்கிறார் என்பதைச் சொல்லிக் கெடுக்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒரு வீட்டை விட்டுப் போவதில் துக்கமும் விடுதலையும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது கிராமத்துக் கதை சொல்லாதது, ராலிங்கும் சொல்லாதது. வாழ்நாள் முழுவதும் அந்த விதியின் எல்லா வடிவங்களையும் சேகரித்தவரால் அதை எழுத முடிந்தது.

மேரி நார்ட்டனின் 'தி பாரோயர்ஸ்' (1952) நூலில் தரைக்கடியில் வாழும் குட்டி மனிதர்கள் ஃபேரிகள் இல்லை. ஆனால் காணாமல்போகும் குண்டூசிகளுக்குக் காரணமான அவர்கள் ஹாப்பின் தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றும். மனிதர் கண்ணில் படக்கூடாது என்ற ஒரே விதியில் அந்தப் புத்தகம் முழுவதும் ஓடுகிறது.

ஆலன் கார்னர் வேறு ரகம். செஷயரின் ஆல்டர்லி எட்ஜ் என்ற மணற்பாறைச் சரிவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கைவினைக் குடும்பம் அவருடையது. மாப்பர்லி ஊர் விவசாயி ஒருவர் வெள்ளைக் குதிரையை மாக்கில்ஸ்ஃபீல்ட் சந்தைக்கு ஓட்டிப் போகிறார். வழியில் ஒரு கிழவர் அதை விலைக்குக் கேட்கிறார். கொடுக்கவில்லை. சந்தையில் எல்லாரும் குதிரையைப் புகழ்கிறார்கள், ஒருவரும் வாங்கவில்லை. திரும்பும்போது கிழவர் அங்கேயே நிற்கிறார். பாறையைத் தட்டுகிறார், இரும்புக் கதவு திறக்கிறது, உள்ளே தூங்கும் வீரர்கள், பக்கத்திலேயே வெள்ளைக் குதிரைகள். ஒருவனுக்கு மட்டும் குதிரை குறைகிறது. இந்த ஊர்க்கதையைக் கார்னர் தன் தாத்தாவிடம், ஒரு கொல்லரிடம், கேட்டார். அந்தச் சரிவிலுள்ள மந்திரவாதி ஊற்றுக்கு மேலே பாறையில் தாடிக்கார முகம் ஒன்று செதுக்கியிருக்கும். அதைச் செதுக்கியது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை. 1960-இல் வந்த அவருடைய முதல் புத்தகம், 'தி வியர்ட்ஸ்டோன் ஆஃப் பிரிசிங்காமென்', இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. அதில் வரும் பாறை, குளம், பாதை எல்லாம் வரைபடத்தில் உள்ளவை. பழைய தாமிரச் சுரங்கங்களுக்குள் இரண்டு பிள்ளைகள் ஊர்ந்துபோகும் நீண்ட பகுதி ஒன்று இருக்கிறது. மூச்சு முட்டும். பாத்திரங்களின் குணச்சித்திரம் அதில் பலவீனம்தான். ஆனால் இடம் அப்படி வந்து உட்கார்ந்துவிடுகிறது, ஆட்களைப் பற்றி யோசிக்கத் தோன்றுவதில்லை.

டெரி பிராட்செட்டின் 'தி வீ ஃப்ரீ மென்' (2003) நடப்பது கற்பனை உலகத்தில். ஆனால் அந்தச் சுண்ணாம்புக் குன்றும் ஆட்டுமந்தையும் அவர் வாழ்ந்த தென் இங்கிலாந்தின் நிலம். டிஃபனி என்ற ஒன்பது வயதுப் பெண் ஓடைக்கரையில் ஜென்னி கிரீன்டீத்தைப் பார்த்துவிடுகிறாள். வீட்டுக்கு ஓடிவந்து கதைப்புத்தகத்தைப் புரட்டுகிறாள். கண்கள் சூப் தட்டு அளவு என்று போட்டிருக்கிறது. சூப் தட்டு என்றால் எவ்வளவு? சமையலறைக்குப் போய் ஒரு தட்டை எடுத்து அளக்கிறாள். எட்டு அங்குலம். பிறகு இரும்பு வாணலியை எடுத்துக்கொண்டு, தம்பியைத் தூண்டிலாகக் கரையில் உட்காரவைத்து, எழுந்து வந்த ஜென்னியின் முகத்தில் ஒரு போடு போடுகிறாள். ஃபேரிக்கு இரும்பு ஆகாது என்ற ஆயிரம் வருஷத்துப் பழமை, ஒரு சமையலறைப் பாத்திரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே டிஃபனி கதைகளையே சந்தேகிக்கிறாள். அவள் ஊரில் பல்லுப்போன ஒரு கிழவியை, கதைப்புத்தகத்துச் சூனியக்காரி போல இருக்கிறாள் என்பதற்காக, ஊரார் வீட்டை இடித்துத் துரத்தினார்கள். பனியில் கிழவி செத்துப்போனாள். இது மறுபடி நடக்கக்கூடாது என்பதற்காகவே டிஃபனி சூனியக்காரி ஆக விரும்புகிறாள். 1584-இல் ஸ்காட் புத்தகம் எழுதிய காரணமும் இதுவேதான். நானூறு வருஷ இடைவெளியில் இரண்டு பேர் ஒரே கோபத்தோடு எழுதியிருக்கிறார்கள், ஒருவர் சட்டம் பேசும் பெரியவர்களுக்கு, மற்றவர் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு.

நண்பர்கள் கேட்பதால் வாசிக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஏழு வயதுக்கு முதலில் பீப்பாய்க் கதை, லினன் சட்டைக் கதை இரண்டையும் வாயாலேயே சொல்லுங்கள், புத்தகம் வேண்டாம். எட்டு வயதுக்குமேல் கிப்லிங்: உப்பு வரும் முதல் கதை, அடுத்து நேராக டிம்சர்ச். ரோமானியர்கள் காத்திருக்கட்டும். அவர் 1936-இல் இறந்தவர், நம் நாட்டில் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே முழுப் புத்தகமும் கிடைக்கிறது. ஹாப்டன் கிழவரின் சசெக்ஸ் பேச்சு பிள்ளைகளுக்குப் புரியாது, நாம் தமிழில் சொல்லிக்கொண்டே போகவேண்டியதுதான். நான் அப்படித்தான் செய்தேன், கதை ஒன்றும் குறையவில்லை. பிராட்செட்டைப் பத்து வயதில் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். பிரிக்ஸ் நாவல் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும், பட்டால் விடாதீர்கள். கார்னரின் சுரங்கப் பகுதியை மட்டும் இரவில் வாசிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.